ஒட்டும் வேண்டா

மக்கா,

இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். நம் வீட்டுக்குப் பக்கத்தில் நீ கட்டின வீட்டின் அடுக்களையில், உனக்காகச் செய்த மரமேடையின் மேல் தாளை விரித்து, காலுக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நிற்கிறேன். எழுபதை எட்டப்போகும் மனுசனுக்கு உட்கார ஒரு நாற்காலியா கிடைக்கவில்லை என்று நீ கேட்பாய். நாற்காலி உண்டு. ஏன் நிற்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய். "அப்பா, வாற வெள்ளிக்கிழமை இங்க வாங்குற வீட்டுக்கு ஒப்பு போடணும். அப்போ அங்க உள்ள வீட்டை என்ன செய்ய? வாடகைக்கு விடவா, வெலைக்குக் குடுத்துரவா?" நான் உடனே, "எலே, மழை வருது, கொடியில துணி கெடக்கு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மழை வரவில்லை மக்கா. கொடியில் துணியும் இல்லை. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு ஆள் மட்டும் இருக்கிற வீட்டில் துவைக்கிறதுக்கு என்ன பெரிய துணி இருக்கும்? அதைக்கூட நீ யோசிக்காமல், "சரிப்பா, நனையாதீங்க" என்றாய். அந்த வார்த்தைதான் என்னை இரண்டு நாளாக உட்காரவிடவில்லை. போனில் சொன்னால் நான் மறுபடியும் மழையைக் கூப்பிடுவேன். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உனக்குக் கிடைத்துவிடும்.

என் எழுத்தைப் பற்றி முதலிலேயே மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். பத்தாம் கிளாஸை இரண்டு தடவை படித்தவன் நான், ஆகவே மற்றவர்களைவிட ஒரு மடங்கு கூடுதல் படிப்பு. ஆனால் கையெழுத்து கண்டக்டர் வேலையில் பழகியது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே ஓடுகிற கேரள பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுதின கை. வளைவு வரும் இடத்தில் எழுத்து சரியும், நீ கவனமாக வாசி. உன் மலையாளத்துப் பெண்டாட்டி ஜின்ஸிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் நீதான் அவளுக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். அவளைப் பற்றி ஒரு இடம் வரும். வெட்கப்பட்டு அதைத் தாண்டிப் போகாதே.

உன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது நடுவில் நின்ற பிலாமரத்தை வெட்ட வேண்டி வந்தது இல்லையா. "தடியைக் குடுக்காண்டாம்பா, அடுக்களைக்கு ஆவும்" என்று நீதான் சொன்னாய். மில்லுக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. நம் இடைவழியில் இருக்கிற வளைவு உனக்குத் தெரியும், சைக்கிளே மணி அடித்துக்கொண்டு திரும்புகிற இடம். நீளத் தடியோடு வண்டி திரும்பாது என்று டிரைவர் கையை விரித்தான். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெரிய மேஸ்திரி போல, "நாலரை அடி, நாலரை அடியா அறுத்துப் போடு" என்று உத்தரவு போட்டேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் அது போதும் என்பது என் யோசனை. கதவு ஏழடி உண்டு என்பது ஞாபகம் வரவில்லை. ஐந்தடியைக்கூட எட்டாதவனுக்கு எல்லாக் கதவும் தாராளமாகத்தான் தோன்றும்.

பலகைகள் இரண்டு வருஷம் ஓட்டுச் சாய்ப்பில் காய்ந்து கிடந்தன. பிறகு ஷாஜியைக் கூட்டிவந்து காட்டினேன். தனுவச்சபுரம் பள்ளியில் உன் பெஞ்சில் இருந்தவன், இப்போது பெருங்கடவிளை போகிற ரோட்டில் மரப்பட்டறை வைத்திருக்கிறான். ஒவ்வொரு பலகையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாமா, இத இப்பிடி அறுக்கச் சொன்னது ஆரு?"

"நானாக்கும்."

"வெறகுக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். "நல்ல காதல் உள்ள தடி மாமா, கொன்னு போட்டுட்டியளே" என்றான். மரத்தின் உள்ளே வயிரம் பாய்ந்த பாகத்துக்கு இங்கே உள்ளவர்கள் காதல் என்றுதான் சொல்வார்கள், அது உனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் அன்றைக்கு எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. எதற்கு என்று சொல்கிறேன்.

எங்கள் கல்யாணப் போட்டோவை நீ எத்தனையோ தடவை பார்த்திருப்பாய். அதில் நானும் உன் அம்மாவும் ஒரே உயரத்தில் நிற்போம். உன் அம்மா என்னைவிட ஒரு சாண் உயரம். போட்டோக்காரர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு பலகையும் இரண்டு செங்கலும் கொண்டுவந்து என்னை அதன்மேல் ஏற்றிவிட்டார். போட்டோவில் அது தெரியாது. உன் அம்மாவின் பாலராமபுரம் கசவுச்சேலை மறைத்து நிற்கும். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதை மட்டும் உற்றுப் பார்த்தால் காணலாம்.

பிறகு நான் பக்கத்தில் உள்ள நம் பழைய வீட்டைக் கட்டினேன். அடுக்களையில் சிமெண்டு மேடை போடுகிற அன்றைக்கு உன் அம்மா சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். கொத்தனார், "வீட்டுக்காரி வரட்டும், ஒயரம் பாத்துப் போடுவோம்" என்றார். நான் விடவில்லை. "என்னை அளந்தா போரும், இது என் வீடாக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றேன். என் இடுப்பு உயரத்துக்குக் கோடு கிழித்தார்கள். இருபத்தொன்பது அங்குலம். அந்த மேடையில் ஒரு முட்டை பொரிக்கக்கூட நான் நின்றதில்லை. இருபத்தாறு வருஷம் நின்றது அவள்தான், குனிந்து.

ஆரம்பத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சொல்வாள். "ஒங்களுக்கு ஒயரம் இல்லாததுக்கு எனக்கு எதுக்கு வேதனை?" நான் சொல்வேன், "மேடைக்கு ஒரு குறையும் இல்ல, ஒனக்குக் கால் கூடுதலாக்கும்." அவள் சிரிப்பாள். இடித்துக் கட்ட இரண்டு நாள் வேலைதான் இருந்திருக்கும். நான் அதற்குப் பதிலாக அதே தமாஷை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒரு வருஷம் அவள் சிரிப்பதை நிறுத்தியிருக்கிறாள். எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது மக்கா. மேடை தாழ்ந்து போனது ஒரு தப்பு. அவள் சிரிக்காமல் ஆனதைக் கவனிக்காதது அதைவிடப் பெரிய தப்பு. நீ முதல் தடவை வெளிநாட்டுக்குப் போகும்போதும் நான் தமாஷ்தான் பண்ணினேன். ஏர்போர்ட்டில் உன் அம்மா அழுதுகொண்டு நிற்கிறாள், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாய், நான் "சில்லறை வச்சிருக்கியாலே?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாய். நீ சொல்ல வந்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன் அம்மா கண்ணை மூடிய பிறகு பழைய அடுக்களைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. கதவு நிலையில் ஒரு கறுத்த தடத்தைக் காட்டி, "இத சொரண்டணும் அண்ணாச்சி, எண்ணெய் ஏறிக் கெடக்கு" என்றார் அந்த ஆள். அப்போதுதான் பார்த்தேன். ஒரு முழங்கையின் அளவுக்கு, மரத்தில் வழவழப்பாக ஒரு தடம். வேலைக்கு நடுவில் நிமிர முடியாமல் நிமிர்ந்து, அந்த நிலையில் முழங்கையை ஊன்றி ஒரு நிமிஷம் நிற்பாள் உன் அம்மா. அது ஞாபகம் வந்தது. சுரண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்து அளந்தேன். தரையிலிருந்து நாற்பத்திரண்டு அங்குலம். பிறகு ஷாஜி சொன்னான், சமைக்கிற ஆளின் முழங்கைக்கு ஒரு நாலு அங்குலம் தாழ்த்தி மேடை போட வேண்டும் என்று. முப்பத்தெட்டு. நான் போட்டது இருபத்தொன்பது. அந்த ஒன்பது அங்குலத்துக்குத்தான் அவள் குனிந்தது.

இப்போது ஜின்ஸியின் இடம். உங்கள் கல்யாணம் முடிந்து பத்து நாள் இங்கே இருந்தீர்களே, அப்போது நான் டேப்போடு அவள் முன்னால் போய் நின்றேன். "அய்யோ, அப்பா தையல்காரனா?" என்று கேட்டு, கையை மடக்கி நிமிர்ந்து நின்றாள். நாற்பத்திரண்டேகால் அங்குலம். நான் நம்பாமல் மறுபடியும் ஒரு தடவை அளந்தேன். அவள் சாக்குக்கட்டியை எடுத்து உன் வீட்டு அடுக்களைச் சுவரில் ஜன்னல் முதல் கதவு வரை ஒரே கோடாக இழுத்தாள். பதினோரு அடி. இந்த மூலையில் நான் சமைப்பேன், அந்த மூலையில் இவன் இருந்து வர்த்தமானம் பேசட்டும், "நடுக்கு அப்பா இருந்நு குற்றம் பறயணும்" என்றாள். மலையாளத்தில் அவள் சொன்ன, நடுவில் உட்கார்ந்து குற்றம் சொல்லும் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

நான் மேடையைத் தொடங்குகிறேன் என்று உனக்குச் செய்தி அனுப்பிய மறுநாள் ஜின்ஸியின் குரல் போனில் வந்தது, பேசிப் பதிந்து அனுப்பியது. "அப்பா, சுகம் அல்லே? ஆ கவுண்டர் ஒட்டும் வேண்டா கேட்டோ. ஞங்ஙள் பின்னெ விளிச்சு பறயாம்." மேடையைத்தான் கவுண்டர் என்பாள், பிறகு கூப்பிட்டுச் சொல்கிறோம் என்று முடித்திருந்தாள். நான் நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"லே ஷாஜி, அந்தப் பிள்ளைக்கு ஒட்டு வேண்டாமாம். ஒட்டு இல்லாம ஒரே பலகையா வேணுமாம்."

அவன் வாயில் வைத்திருந்த பென்சிலை எடுத்தான். "நாலரை அடியா வெட்டிப் போட்டுட்டு பதினோரு அடிக்கு ஒட்டு வேண்டாம்னா எப்பிடி மாமா? ரப்பராக்கும்னு நெனச்சியளா, நான் இழுத்து நீட்ட?" கொஞ்ச நேரம் கழித்து அவனே இறங்கி வந்தான். "ஒட்டு இருக்கும். ஆனா கண்ணுல படாது. அது போருமா?"

போதும் என்றேன். ஆனால் அவன் வேலைக்கு நாள் பிடிக்கும் என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. நானே வீட்டில் மூன்று பலகைகளை நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்து, முனைக்கு முனை பசை தடவி முட்டவைத்து, இரண்டு நாள் காயவிட்டேன். பார்க்க ரயில் மாதிரி இருந்தது. பெருமையாக ஷாஜியைக் கூப்பிட்டு ஒரு முனையைத் தூக்கச் சொன்னேன், மறுமுனையை நான் தூக்கினேன். முறுக்கு ஒடிகிற சத்தத்தில் இரண்டு இடத்திலும் விட்டுப்போயிற்று. நடுப்பலகை விழுந்து கீழ்மூலை பிளந்தது. என் பெருவிரல் தப்பியது கர்த்தரின் கிருபை.

ஷாஜி சிரித்து முடிக்கக் காத்திருந்து காரணம் கேட்டேன். "முனையும் முனையும் முட்டி ஒட்டினா பிடிக்காது மாமா. மரத்துக்க நார் எல்லாம் அங்க வாயைத் தொறந்துகிட்டு நிக்கும், பசையைக் குடிச்சிட்டுப் பேசாம இருக்கும். பக்கமும் பக்கமும் சேரணும். நீளத்துக்குச் சேந்து கெடக்கணும். அப்பந்தான் பிடி." நான் அன்று சாயங்காலம் நம் ஞாயிற்றுக்கிழமை போனை நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அங்க மழையா, இங்க வெயில். முட்டு வலி எப்படி, குறைவு உண்டு. முனையும் முனையும் முட்டுகிறோம் மக்கா, வாரத்துக்கு ஒரு தடவை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பஸ் ஏறிப் பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன். ஷாஜி பலகைகளை மூன்று அங்குல அகலத்துக்குக் கீறினான், விளிம்புகளைச் சீவினான். இரண்டு விளிம்புகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பான், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் சீவுவான். முனைகளில் இயந்திரத்தால் விரல் விரலாக வெட்டி, இரண்டு கையையும் கோத்து ஜெபம் பண்ணுகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்று செருகினான். எட்டு வரிசை. ஒரு வரிசையில் ஒட்டு வருகிற இடத்தில் பக்கத்து வரிசையில் முழுப்பலகை வர வேண்டும், செங்கல் அடுக்குகிற மாதிரி. முனையொட்டுக்கு வலு குறைவு, அதைப் பக்கத்தில் கிடக்கிற முழுப்பலகை தாங்கிக்கொள்ளும். பசை போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தரையில் பரத்தி, மஞ்சளும் பழுப்பும் மாறிமாறி வருகிறதா என்று பார்த்து, சாக்குக்கட்டியால் நம்பர் போடுவது என் வேலை. பஸ் சீட்டுக்கு நம்பர் போடுகிற மாதிரியே போட்டேன். பட்டறையில் எல்லாருக்கும் பேச ஆள் உண்டு, அதனால் எனக்கும் உண்டு. அந்த நாட்கள் எனக்கு நல்ல நாட்களாக்கும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்குப் போட்டோ அனுப்பினேன். "சூப்பர்ப்பா" என்று நீ எழுதுவாய். ஜின்ஸி ஒன்றும் எழுதமாட்டாள்.

நாலு நாலு வரிசையாக இரண்டு நீளப் பாதிகள் பட்டறையில் தயாராயின. அடுக்களையில் வைத்து இரண்டையும் சேர்ப்பது என்று முடிவு. கொண்டுவந்த அன்றைக்கு வண்டி ரோட்டிலேயே நின்றுவிட்டது. நாலு பேர் தோளில் ஏற்றிக்கொண்டு இடைவழியில் நடந்தார்கள், மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தியிருந்தான் ஷாஜி, சிராய்ப்பு விழாமல் இருக்க. முக்கில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதைக்கு இறக்கிவிட்டார்கள். ஒருத்தர் என்னைப் பார்த்து, "ஆருக்கு ஓய்?" என்று மெதுவாகக் கேட்டார். "அடுக்களை மேடையாக்கும் அண்ணே, வேட்டியைக் கெட்டிக்கிடுங்க" என்றான் ஷாஜி. அந்த வளைவில் பதினோரு அடிப் பலகை நோகாமல் திரும்பியது. "மரத்தை நின்ன எடத்துலயே பலகையா அறுத்திருந்தா இப்பிடியே தூக்கிட்டு வந்திருக்கலாம், ஒட்டே வேண்டாம்" என்று ஷாஜி என் காதில் சொன்னான். எனக்கு அதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

நடுவில் உள்ள கடைசி ஒட்டு. பசை தடவி, இரண்டு பாதியையும் சேர்த்து, இரும்புக் கிளாம்புகள் மாட்டினோம். ஒன்றையாவது நான் முறுக்குகிறேன் என்று கெஞ்சினேன், நடுவில் உள்ளதைக் கொடுத்தான். எனக்கு அந்த ஒட்டு விட்டுவிடக் கூடாது. பல்லைக் கடித்து, முழு பலத்தையும் போட்டு முறுக்கினேன். பசை கஞ்சி மாதிரி வழிந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஷாஜி ஓடிவந்து கையைப் பிடித்தான். "மாமா, விடுங்க! இப்பிடி இறுக்கினா பசை பூரா வெளிய போயிரும், உள்ள பிடிக்க என்ன இருக்கும்? ஓரத்துல வேர்வை பொடிக்க மாதிரி வரணும், அவ்வளவுதான்." ஆனால் போனது போனதுதான். அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இப்போது தலைமுடி அளவு ஒரு கீறல் தெரிகிறது. கீழே கட்டை வைத்து முடுக்கியிருப்பதால் மேடைக்கு ஒன்றும் ஆகாது என்கிறான். முழு மேடையிலும் தெரிகிற ஒரே ஒட்டு அதுதான். அது என் கைவேலை.

மேடை முடிந்ததும் உனக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். நீ இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறுதான் அங்கே வீடு பார்த்திருக்கிறோம் என்று சொன்னாய். அதையும் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாய்.

இனி உண்மையைச் சொல்கிறேன். நான் மலையாளத்தில் இருபத்தெட்டு வருஷம் டிக்கெட் கொடுத்தவன். ஒட்டு என்றால் என்ன, ஒட்டும் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கொஞ்சம்கூட வேண்டாம் என்றுதான் ஜின்ஸி சொன்னாள். அந்தப் பதிவை நான் ஒரு தடவை அல்ல, நாலு தடவை கேட்டேன். முதல் தடவையே அந்த 'உம்' எனக்குக் கேட்டது. நல்ல தெளிவாகக் கேட்டது. நாங்கள் ஊருக்குத் திரும்பி வரப்போவதில்லை, சிரமப்பட வேண்டாம் என்று சொல்ல நீ தயங்கிய ஒரு விஷயத்தை அந்தப் பிள்ளை தைரியமாகச் சொல்லிவிட்டாள். நான் அந்த ஒரு 'உம்'மை விழுங்கிவிட்டு, ஒட்டு வேண்டாமாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தேன். மேடை தயாராகிக்கொண்டே இருந்தால், போட்டோ போய்க்கொண்டே இருந்தால், உன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் உன்னை அந்தக் கிளாம்பில் மாட்டி முறுக்கினேன் மக்கா. "சூப்பர்ப்பா" என்று நீ எழுதியதெல்லாம் ஓரத்தில் வழிந்த பசைதான். இப்போது உன் குரலில் ஒரு பயம் இருக்கிறது, வீடு வாங்குவதைப் பெற்ற தகப்பனிடம் திருடனைப் போலச் சொல்கிறாய். அந்தக் கீறலும் என் கைவேலைதான்.

ஜின்ஸியிடம் இதை அப்படியே சொல். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது என்றும், அவள் மேல் தப்பு ஒன்றும் இல்லை என்றும் சொல். இத்தனை நாளும் இந்த மேடை அவளைக் குத்திக்கொண்டு இருந்திருக்கும். அது அவளுக்காகச் செய்தது அல்ல என்றும் சொல். அவள் முழங்கையை அளந்தேன், அவ்வளவுதான். உன் அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை இருபத்தாறு வருஷத்துக்கும் மேல் பிந்திச் செய்தேன், அதை உங்கள் தலையில் கட்டப் பார்த்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். வெள்ளிக்கிழமை ஒப்பு போடு. சந்தோஷமாகப் போடு. இங்கே உள்ள வீட்டைக் கொடுத்துவிடு. கொடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை உண்டு, ஆனால் அது ஆசைதான், காரணம் அல்ல. பூட்டிக்கிடக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைவிட, முன்பின் தெரியாத ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிற சத்தம் கேட்கிற வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது எனக்கு நல்லது. மேடை வீட்டோடு போகட்டும். அதை வெளியே எடுக்க வேண்டுமானால் அறுக்க வேண்டும் என்கிறான் ஷாஜி. இனி என் வாயிலிருந்து அறு என்ற வார்த்தை வராது. வாங்க வருகிறவர்களிடம், வீட்டுக்காரி நல்ல உயரமா என்று ஒரு வார்த்தை கேட்பேன். கேட்கத்தான் செய்வேன், இல்லையென்றாலும் கொடுப்பேன்.

அப்பா இங்கே வந்து எங்களோடு இருங்கள் என்று நீ சொன்னதும் உண்டு. இருக்க வரமாட்டேன். ஆனால் பார்க்க வாறேன். இத்தனை நாளும் அங்கே குளிர் என்று சொல்லித் தட்டிக்கழித்ததும் அந்த மழை மாதிரித்தான்.

ஒரே ஒரு காரியம். அங்கே புது வீட்டில் அடுக்களை மேடை போடுகிற அன்றைக்கு, ஜின்ஸி எங்கேயாவது போயிருந்தால் அவள் வருகிறவரை வேலையை நிறுத்தி வை. நீ என்னைப் போலக் குட்டை அல்ல, ஆனாலும் சுவரோரம் நீ நிற்காதே. அவள் நிற்கட்டும். அவள் முழங்கையை அள. உன் வீட்டிலும் அவள் ஒரு நாள் உன் தமாஷுக்குச் சிரிக்காமல் இருந்தால், அன்றைக்கே ஏன் என்று கேள்.

இனி பலகை. இந்த மேடை முப்பத்தெட்டு அங்குலம், உன் அம்மாவின் அளவு. எனக்கு அது நெஞ்சுக்குக் கிட்டே வருகிறது. முதல் நாள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கலாம் என்று கொண்டுவந்து வைத்தபோது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மேசைக்கு முன்னால் நிற்கிற பையனைப் போல நின்றேன். பிறகு, நான் ஒட்டி உடைந்துபோன அந்த நடுப்பலகை சாய்ப்பில் கிடந்தது ஞாபகம் வந்தது. இரண்டு செங்கலை வைத்து அதை இங்கே போட்டுக்கொண்டேன். இப்போது தினமும் காலையில் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, இதன்மேல் ஏறி நின்றுதான் மரச்சீனியோ வெள்ளரிக்காயோ நறுக்குகிறேன். இடுப்பு வலிப்பதில்லை. இந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நம் பழைய அடுக்களையின் கதவு நிலை நேராகத் தெரிகிறது மக்கா. உன் அம்மா பக்கத்தில் நிற்பதற்காக நான் பலகை மேல் ஏறியது இது இரண்டாவது தடவை. இந்தத் தடவை அவள் சேலை மறைக்கவில்லை, யார் வந்து பார்த்தாலும் பலகை தெரியும்.

அப்பா